பெரியம்மா மலைக்குப் போன மாதம்

காரைக்காலில் மலை கிடையாது. கிழக்கே கடல்; மற்றப் பக்கங்களில் வயல். உயரமாக எதையாவது பார்க்க வேண்டுமானால் கலங்கரை விளக்கத்தையும் கோயில் கோபுரங்களையும்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்த ஊரிலேயே பிறந்து, வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தியும் எடுத்துவிட்ட என் பெரியம்மாவுக்கு நெடுநாளாக ஓர் ஆசை. மூணாறுக்கு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில் குறிஞ்சி பூத்திருப்பதைப் பார்க்க வேண்டும்!

ஆசைப்படுவது சுலபம். ஆனால் குறிஞ்சி இருக்கிறதே, அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் மலை முழுக்கப் பூக்கும். 2006-ல் பூத்தது. அந்த ஆண்டு பெரியம்மா வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். "பூ எங்கே ஓடியா போயிடும்? அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார் பெரியப்பா.

அடுத்த தடவை 2018. ஆகஸ்ட் கடைசியில் போவதற்கு டிக்கெட் எடுத்து, கம்பளிச் சட்டையும் வாங்கியாயிற்று. அந்த ஆகஸ்டில்தான் கேரளத்தில் பெருவெள்ளம். மலைப் பாதைகள் சரிந்தன. பூங்காவுக்குப் போகும் வழியிலிருந்த பாலத்தையே வெள்ளம் கொண்டுபோய்விட்டது. நவம்பரில் இங்கே கஜா புயல் வந்து கொல்லைத் தென்னைகளைச் சாய்த்தது. கம்பளிச் சட்டை பெட்டிக்குள் போய்விட்டது.

இனி 2030-ல்தான். அப்போது பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. "அதுவரைக்கும் இந்த முழங்கால் காத்துக்கிட்டு இருக்குமாடி?" என்று என்னைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவே காலண்டரும் கையுமாக உட்கார்ந்தோம். நீங்களும் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே! மலைக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. வீட்டுக்கும் ஒன்று உண்டு. இரண்டும் ஒத்துப்போகிற நாள்தான் நமக்கு நல்ல நாள்.

முதலில் மலையின் பஞ்சாங்கம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாகப் பூங்காவை மூடிவிடுவார்கள். வரையாடுகள் குட்டி போடும் காலம் அது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. எதிரே யானைமுடி நின்றாலும் மூடுபனியைத்தான் பார்க்கலாம். பாதையிலும் மண் சரியும் பயம். செப்டம்பரில் மழை குறையும்; மலை பச்சைப் பசேலென்றிருக்கும். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவு, ஆனால் குளிர் பொல்லாதது. சில நாள் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஏப்ரலும் மேயும் இதமானவை. மே மாதக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம்!

இனி வீட்டுப் பஞ்சாங்கம். ஆனியில் மாங்கனித் திருவிழா. அப்போது எந்தக் காரைக்கால்காரியாவது ஊரை விட்டுக் கிளம்புவாளா? அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கத்து மழை, புயல். தையில் பொங்கலும் சம்பா அறுவடையும். சனிப்பெயர்ச்சி வந்தால் திருநள்ளாற்றுக்கு வரும் உறவினர்களால் வீடு சத்திரமாகிவிடும். எல்லாவற்றையும் அடித்த பிறகு மிஞ்சியவை செப்டம்பரும் ஏப்ரலும். செப்டம்பரில் பேரனுக்குப் பரீட்சை. ஆக, ஏப்ரல்!

காரைக்காலிலிருந்து எர்ணாகுளத்துக்கு ஓர் இரவு ரயில் இருக்கிறது. மலையே இல்லாத ஊரிலிருந்து கிளம்பும் அந்த ரயிலுக்கு 'டீ கார்டன் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வழங்குவது ஒரு வேடிக்கை. காலையில் ஆலுவாயில் இறங்கி, மலைப் பாதையில் பஸ் ஏறினோம். மறுநாள், கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் ஆளாகப் பூங்கா வாசலில் நின்றோம். வனத்துறை பஸ் ராஜமலையில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து ஏற்றத்தில் கொஞ்ச தூரம் நடை. பெரியம்மா பத்தடிக்கு ஒரு முறை நின்றாள். ஆனால் திரும்பலாம் என்று சொல்லவில்லை.

1978-ல் தேசியப் பூங்காவான இந்த இடம் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தலைக்கு மேலே 2,695 மீட்டர் உயரத்தில் யானைமுடி. இமயத்துக்குத் தெற்கே அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. பயணிகளை அதில் ஏற விடுவதில்லை. ஆனால் பெரியம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. பாதையோரப் பாறையில் ஒரு வரையாடு நின்றது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன குட்டி ஒன்று. நாங்கள் நகரும் வரை தாய் கண் இமைக்காமல் எங்களையே பார்த்தது.

"இதுக்குத்தானா ரெண்டு மாசம் கதவைச் சாத்தி வெச்சாங்க?" என்றாள் பெரியம்மா மெதுவாக. "பிள்ளை பெத்தவளுக்கு அவ்வளவாவது செய்ய வேண்டாமா?"

சரிவெல்லாம் குறிஞ்சிப் புதர்கள், பூவில்லாமல் பச்சையாக நின்றன. அவற்றையும் வெகுநேரம் பார்த்தாள். "முழங்கால் சம்மதிச்சா 2030-லே வரேன்" என்று அவற்றிடமே சொன்னாள்.

திரும்பும்போது ரயிலில் சொன்னாள்: "நம்ம ஊர் அம்மையார் கயிலாயத்துக்குத் தலையாலேயே நடந்து போனாங்களாம். எனக்கு மலை ஏற இவ்வளவு வருஷம் ஆச்சு, பாரு. பூவுக்காகக் காத்திருந்தேனே தவிர, மலை அங்கேதான் இருந்துச்சு!"

பூங்கா மூடும் தேதி ஆண்டுக்கு ஆண்டு சற்று முன்பின்னாகும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம். ஆமாம், காலண்டரை எடுத்தீர்களா?