காவலுக்கு வேண்டியது காது

நாய் என்றால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரவேண்டும் என்பது நம்மில் பலருடைய அபிப்பிராயம். இராஜபாளையத்து நாய் அந்த அபிப்பிராயத்தைச் சிறிதும் பொருட்படுத்துவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நண்பர் ஒருவருடைய மாந்தோப்புக்குச் சென்றபோதெல்லாம் இதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே காவல் புரியும் நாய் வீணாகக் குரைத்து ஊரைக் கூட்டாது. 2 அடிக்கு மேற்பட்ட உயரமும், பால் போன்ற வெண்ணிறமும், ரோஜா நிற மூக்கும், ஒட்டிய வயிறும் கொண்ட அந்தப் பிராணி சற்றுத் தூரத்தில் நின்று நம்மை ஏற இறங்கப் பார்க்கும். எஜமானர் ஒரு வார்த்தை சொன்ன பிறகே வழி விடும். பல தடவை போய்ப் பழகிய பின்பும், நாம் நீட்டிய பிஸ்கோத்தை அது முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

இதைக் கர்வம் என்று சொல்லுவதற்கில்லை. வீட்டாரிடம், அவர்களிலும் முக்கியமாக ஒருவரிடம், உள்ளத்தைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களிடம் ஒதுங்கி நிற்பது இந்த ஜாதியின் சுபாவம். ஆதியில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கப்பட்ட நாய் இது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை. வீட்டையும் தோட்டத்தையும் காக்கும் உத்தியோகமே மிஞ்சியது. ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பைப் பட்டணத்து மாடி வீட்டில் நாள் முழுதும் சங்கிலியில் கட்டி வைத்தால், அது சிடுசிடுப்பதில் என்ன ஆச்சரியம்?

2005-ஆம் வருஷத்தில் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட 4 தபால் தலைகளில் ஒன்று இதற்குக் கிடைத்தது. நியாயமான கௌரவந்தான். ஆனால், குட்டி வாங்க வருகிறவர்கள் குணத்தையா கேட்கிறார்கள்? மாசு மறுவற்ற வெண்மையைக் கேட்கிறார்கள். வெள்ளைத் தோலில் மயங்கும் பழக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை போலும்!

இந்த மயக்கத்துக்கு விலை கொடுப்பது நாய்தான். தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதுக்கும் அவசியமானவை. அங்கே அவை இல்லாமற் போனால், பிறந்த சில வாரங்களிலேயே அந்தக் காது செவிடாகிவிடும். வெண்மை ஒன்றையே நாடி இனம் பெருக்கும்போது செவிட்டுக் குட்டிகள் பிறப்பது இதனாலேதான். நண்பர் குட்டிகளின் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பார். இரண்டு காதும் கேளாத குட்டி அதில் அகப்படும். ஒரு காது மட்டும் கேளாதது தப்பிவிடும். அது வளர்ந்து ஈன்றால், குறையும் வம்சத்தில் தொடரக்கூடும். மூளையில் எழும் மின்சார அலைகளை அளந்து ஒவ்வொரு காதையும் தனியே சோதிக்கும் முறை இக்காலத்தில் உண்டு. இனம் பெருக்குகிறவர்கள் அதைக் கைக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர்களும் அதை வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

சுதேச நாயை ஆதரிப்பது நல்ல காரியம். அந்த ஆதரவு அதன் காதைப் பறிப்பதாக இருக்கக் கூடாது. நள்ளிரவில் வேலியோரம் சருகு அசையும்போது, தலை நிமிர்த்தும் நாய்தான் தோப்பைக் காக்கும். அதன் முதுகில் பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தால் திருடனுக்கு என்ன சௌகரியம்?