காவலூரின் துணைக்கோள்

ஈப்போ நகரின் தென்கிழக்கு ஓரத்தில் சுண்ணாம்புப் பாறைக் குன்றின் அடிவாரத்தில் அமைந்த குனோங் ராபாட், சாம் போ தோங், கெக் லோக் தோங் முதலிய குகைக் கோயில்களால் பெயர் பெற்ற ஊராயினும், அதன் வானத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிய விரும்பும் பயணி சவ்வாது மலையிலுள்ள காவலூருக்குச் செல்ல வேண்டும்.

ஈப்போவிலிருந்து ரயிலில் கோலாலம்பூரும், அங்கிருந்து விமானத்தில் சென்னையும் சேர்ந்து, பெங்களூரு ரயில் பாதையில் வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாக மலையேறினால், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகத்தின் வெண்ணிறக் குவிமாடங்கள் காட்டின் நடுவே தென்படுகின்றன. ஈப்போவின் தெருவிளக்கொளிக்குப் பழகிய கண்களுக்கு இங்குள்ள இருள் புதியது. 1968இல் வானியலாளர் வைணு பாப்பு இவ்விடத்தில் வானாய்வைத் தொடங்கியதற்கு அந்த இருளும், தென்வானம் நன்கு தெரியும் அட்சரேகையும் காரணங்களாயின.

1977 மார்ச் 10ஆம் தேதி இரவு, யுரேனஸ் கோள் துலாம் ராசியிலிருந்த மங்கலான விண்மீன் ஒன்றின் அருகே கடந்து செல்வதை, ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியால் கண்காணித்தனர். ஒரு கோளோ துணைக்கோளோ விண்மீனின் ஒளியைத் தடுப்பது மறைப்பு எனப்படும். காவலூர்க் கருவி சில வினாடிகளுக்கு ஒளி மங்கியதைப் பதிவு செய்யவே, யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று உண்டென்று அவ்விருவரும் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். அதுவரை அறியப்பட்டவை ஐந்தே.

ஆயினும், தென் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த குய்ப்பர் வானூர்தி ஆய்வகத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவினர், கோளின் இரு புறமும் ஒளி மங்கியதைக் கண்டனர். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் மங்கல் பதிவாயிற்று. சிறு துணைக்கோளின் நிழல் அதன் அகலத்தளவே உள்ள ஒடுங்கிய பட்டையாகத்தான் பூமியில் விழும் என்பதால், பல்லாயிரம் கிலோமீட்டர் இடைவெளியுள்ள இடங்களை அது ஒருசேரத் தொட இயலாது. ஆகவே ஒளியைத் தடுத்தவை வளையங்கள் என்பது தெளிவாயிற்று. ஒரே நிலையத்தின் பதிவைக் கொண்டு துணைக்கோள் என்பதற்கு மேல் சொல்ல இடமில்லை என்பதால், காவலூர் அறிவிப்பைத் தோல்வி என்று தள்ளுவது நியாயமன்று.

காவலூரில் சிக்கிய மங்கல் எப்சிலான் என்னும் வெளிவளையத்தால் நேர்ந்தது. அவ்வளையத்தின் விட்டம் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுவதாலும், காவலூருக்கும் பெர்த்துக்கும் இடையே மலேசியா அமைந்திருப்பதாலும், அதே நிழல் குனோங் ராபாட்டின் மீதும் கடந்திருக்க வேண்டும். அவ்வேளை அங்கே விடியலுக்கு முந்தைய நேரம். யுரேனஸ் ஏறக்குறைய தலைக்கு மேலே நின்றது. பேராக் ரப்பர் தோட்டங்களில், பெரட்டு எனப்படும் அதிகாலை ஆள்கணக்குக்குப் பால்மரம் வெட்டுவோர் எழும் நேரமும் அதுவே. விண்மீன் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலானதாகையால், நிழல் போனதை அங்கு எவரும் அறிந்திருக்க முடியாது.

குறுகிய வளையம் சிதறிப் பரவாமல் நிலைப்பதற்கு அதன் இருபுறமும் சிறு துணைக்கோள்கள் இருந்து தம் ஈர்ப்பால் அதைக் காக்க வேண்டும் என்று வானியலாளர்கள் கோல்டுரைக்கும் டிரிமைனும் 1979இல் கருதினர். மந்தையின் இருபக்கமும் நடக்கும் ஆயர்களைப் போன்றவை என்பதால் இவை மேய்ப்பர் துணைக்கோள்கள் எனப்படுகின்றன. காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அதே 1986 ஜனவரியில், 24ஆம் தேதி யுரேனஸை நெருங்கிக் கடந்த வாயேஜர் 2 விண்கலம், எப்சிலான் வளையத்துக்கு உட்புறம் கார்டீலியாவையும் வெளிப்புறம் ஒஃபீலியாவையும் காட்டியது. ஷேக்ஸ்பியர் நாடகப் பெண்களின் பெயர் பெற்ற இவற்றுள் கார்டீலியா சுமார் 40 கிலோமீட்டர் குறுக்களவே உடையது. எட்டு மணி நேரத்தில் கோளைச் சுற்றிவிடுகிறது. கோளோ ஒரு முறை தன்னைச் சுற்றப் பதினேழு மணி நேரம் எடுப்பதால், அலைவிசை கார்டீலியாவை மெல்ல மெல்ல உள்நோக்கி இழுக்கிறது. காவலூர் அறிவித்த துணைக்கோள் இல்லையென்றாலும், அந்த மங்கலை உண்டாக்கிய வளையத்தின் உள்விளிம்பைக் காப்பது மெய்யான ஒரு துணைக்கோளே.

மலேசியாவிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் தமிழர் பலரும் கிரிவலம் முடிந்ததும் சென்னைக்குத் திரும்பிவிடுகின்றனர். போளூர், ஜமுனாமரத்தூர் வழியாகக் காவலூர் திருவண்ணாமலையிலிருந்து தொலைவில்லை. பார்வையாளரை அனுமதிக்கும் நாளை முன்னதாக விசாரித்துக்கொண்டு, பயணத்தில் ஒரு மாலையை அதற்கென ஒதுக்குவது நல்லது.