மேலிருந்து கீழே

எந்தக் கோயிலையும் அஸ்திவாரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலை உச்சியில் ஆரம்பித்திருக்கிறார்கள்.

திருவேங்கடம் பக்கத்துக்காரர்களுக்குக் கழுகுமலை என்றால் முருகன். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தில் பாடிய முருகன். அடிவாரத்தில் அவரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. "மேல போறதுன்னா விடியுமுன்ன போயிரணும் மாப்ளே. வெயிலு ஏறிட்டா பாறை காலைப் பொசுக்கிரும்" என்று திருவேங்கடத்து மாமா இருட்டோடு பைக்கை எடுத்தார்.

மலையைச் சதுரப் பள்ளமாக வெட்டி இறக்கி, நடுவில் விட்ட பாறையையே கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். சுமார் 25 அடி ஆழம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இப்படி மேலிருந்து குடைந்ததுதான்.

சூரியன் வந்ததும் முதலில் சிகரம் சிவந்தது. அப்புறம் மூலைகளில் உட்கார்ந்திருக்கும் நந்திகள். அப்புறம் கீழே, உமையோடு சிவன். தெற்கே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி மட்டும் இன்னும் நிழலில். உளி இறங்கிய அதே வழியில் வெளிச்சமும் இறங்குகிறது. அடிப்பகுதிக்கு வந்தால், வெறும் பாறை. வேலை அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் நின்றது? ஊரில் ஒரு கதை உண்டு. கீழே அப்பன் செதுக்கினான், மேலே மகன். மகன் வேலைதான் ஒசத்தி என்று ஊரே பேச, பொறுக்க மாட்டாத அப்பன் உளியை வீசினான். மகன் செத்தான்.

"பெத்தவன் அப்படிச் செய்வானா மாமா?"

"பொறாமைக்குப் பிள்ளைன்னு தெரியுமா?" என்றார்.

கொஞ்சம் தள்ளி அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். துறவிகள், குரத்தியர் எனப்பட்ட பெண் துறவிகள், ஊர்க்காரர்கள் என்று செய்வித்தவர்களின் பெயர்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அழியவில்லை.

வெட்டுவான் கோயிலில் அப்படி ஒரு பெயரும் இல்லை. கூலியோ, கோபமோ, பஞ்சமோ, ராஜா மாறியதோ... எதனால் உளியைக் கீழே வைத்தார்கள் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ஆனால் மேலிருந்து செதுக்குகிறவனுக்கு ஒரு மூக்கு உடைந்தாலும் ஒட்டவைக்க வேறு கல் கிடையாது. அத்தனை கவனமாக வேலை பார்த்த மனிதர்களைச் சும்மா மறந்துவிட ஊருக்கு மனசு வரவில்லை. பெயர் தெரியாவிட்டால் என்ன, உறவு சொல்லிக் கூப்பிடலாமே. ஒருவன் அப்பன், ஒருவன் மகன்.