‘ஓகே’ கொடுத்தே பழகிய விரல்!

சுசீந்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சருக்கு வயது 68. ஊரில் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’தான். பேத்திக்கு மட்டும் ஆச்சி. மகன் பெங்களூரில். பேத்தி நாகர்கோவிலில் கல்லூரிப் படிப்பு, ஆச்சி வீட்டில் ஜாகை.

டீச்சருக்கு செல்போன் பயமெல்லாம் கிடையாது. பட்டா பார்ப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது, கரன்ட் பில் கட்டுவது எல்லாம் தன் கையாலேயே செய்வார். ‘ஊர்ல பாதிப்பேருக்கு நான்தான் இ-சேவை மையம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதில் பொய் இல்லை.

அவரை எரிச்சல்படுத்தும் விஷயம் ஒன்று உண்டு. உங்களையும் அது எரிச்சல்படுத்தியிருக்கும்.

ஓர் அரசுத் தளத்துக்குள் போகிறார். ‘நிலப் பதிவேடுகள்’ என்று தமிழில் அழகாக எழுதியிருக்கிறது. தொடுகிறார். உடனே திரையின் நடுவில் ஒரு பெட்டி குதிக்கிறது. ‘இந்த இணைப்பு உங்களை இத்தளத்துக்கு வெளியே கொண்டு போகும். அங்கே உள்ள விவரங்களுக்கு அந்தத் தளத்தின் வெப்மாஸ்டரைத் தொடர்புகொள்ளவும்’ என்கிற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே ஓகே, கேன்சல். சுற்றியிருக்கும் பக்கம் முழுக்கத் தமிழ். எச்சரிக்கை மட்டும் இங்கிலீஷ்.

முதல் தடவை இந்தப் பெட்டி வந்தபோது டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். படித்துவிட்டு பேத்தியைக் கூப்பிட்டார்.

“மக்களே, இந்த வெப்மாஸ்டர் எந்தப் பள்ளிக்கூடத்து மாஸ்டராக்கும்?”

பேத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆச்சி. ஓகே கொடுங்க, போகும்.”

கொடுத்தார். போனது. அன்றைக்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைப் படிக்கவில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன்னால் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. பழைய பத்திரங்கள் பல வீடுகளில் இன்றும் மலையாளத்தில்தான் இருக்கின்றன. டீச்சரின் அப்பா ஒரு வயல் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்திருக்கிறார். அப்பாவுக்கு மலையாளப் பத்திரம், மகளுக்கு இங்கிலீஷ் பாப்-அப். தனக்குப் புரிய வேண்டிய விஷயம் தனக்குப் புரியாத மொழியில் வருவது அந்த வீட்டுக்குப் புதுசு இல்லை.

சரி, இந்தப் பெட்டியை யார் வைக்கச் சொன்னார்கள்?

அரசு இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று தேசிய தகவலியல் மையம் ஒரு வழிகாட்டி தயாரித்தது. 2009-ல் முதல் பதிப்பு, 2023-ல் மூன்றாம் பதிப்பு. அரசுத் தளத்திலிருந்து வெளியே போகிற பயனாளருக்கு அது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அதன் அக்கறைகளில் ஒன்று. நியாயமான அக்கறைதான். அரசு முத்திரை போட்ட பக்கத்திலிருந்து ஒரு தனியார் பக்கத்துக்குப் போகிறவர், அதையும் அரசு என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

ஆனால், ‘தெளிவாகத் தெரிய வேண்டும்’ என்பதை நிறைவேற்ற, இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறியும் ‘வெளித்தளம்’ என்ற ஒரு சொல்லும் போதுமே. தொடும் முன்பே தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு எல்லா இணைப்புக்கும் ஒரே பெட்டியைப் பூட்டிவிட்டால், அரசுத் தளத்திலிருந்து இன்னொரு அரசுத் தளத்துக்குப் போனாலும் எச்சரிக்கை வரும். இந்தப் பெட்டி பயனாளரைக் காப்பாற்றுவதைவிட, ‘நாங்க சொல்லியாச்சு, இனி எங்க பொறுப்பு இல்லை’ என்று கையைக் கழுவிக்கொள்ளத்தான் அதிகம் உதவுகிறது. தனியார் நிறுவனங்களும் இதையேதான் செய்கின்றன.

செல்போனில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. சில நேரம் பெட்டி திரையைவிட அகலமாக வந்து, ஓகே பட்டன் ஓரத்துக்கு வெளியே நிற்கும். சில நேரம் பிரவுசரே பாப்-அப்பைத் தடுத்துவிடும். தொட்டுத் தொட்டுப் பார்த்தாலும் ஒன்றும் நடக்காது. ஒருவழியாகப் போனாலும் புது டேபில் திறக்கும். திரும்பி வர ‘பேக்’ அமுக்கினால் சில நேரம் பழைய பக்கம் வராது. புது டேபுக்கு முன்கதையே கிடையாது அல்லவா! டீச்சர் வீட்டுப் போனில் ஒருமுறை 43 டேப் திறந்து கிடந்ததைப் பேத்தி எண்ணியிருக்கிறாள்.

இதெல்லாம் வெறும் எரிச்சல்தான். டீச்சர் விஷயத்தில் அது எரிச்சலோடு நிற்கவில்லை.

கும்பப்பூ அறுவடைக்கு இரண்டு வாரம் இருந்த சமயம். அறுவடை மெஷின் கூலிக்கும், அடுத்த மழைக்கு முன்னால் பின்கட்டு ஓடு மாற்றவும் கணக்கில் பணம் சேர்த்து வைத்திருந்தார். ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் போனில் ஒரு மெசேஜ். போன தடவை கட்டிய மின் கட்டணம் ‘அப்டேட்’ ஆகவில்லையாம். இன்று ராத்திரி கரன்ட் கட் ஆகுமாம். உடனே இந்த நம்பரைக் கூப்பிடச் சொல்லி ஒரு செல் நம்பர்.

இது நாடு முழுக்கச் சுற்றும் மோசடி. தமிழ்நாடு மின்வாரியமே நம்ப வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. டீச்சரும் எங்கோ படித்தவர்தான். ஆனால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லைக் கட்டினோமா, இல்லையா என்ற சந்தேகம் அன்றைக்கு உண்மையிலேயே இருந்தது. கூப்பிட்டார்.

மறுமுனையில் மரியாதையான குரல். “பயப்படாதீங்கம்மா, ஒரு ஆப் அனுப்புறேன். அதுல பத்து ரூபா மட்டும் கட்டுங்க, அப்டேட் ஆயிடும்.” வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. ஃபைல் வந்தது. ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆண்ட்ராய்டு போனில் ஆப் ஏற்றுவதற்கான ஃபைல் அது.

தொட்டார். ஒரு பெட்டி குதித்தது. அறியாத இடத்திலிருந்து வரும் ஆப், பாதுகாப்புக்காக அனுமதி இல்லை என்று போன் சொன்னது. செட்டிங்ஸ் போய் அனுமதி கொடுத்தார். இன்னொரு பெட்டி. இது ஆபத்தான ஆப்பாக இருக்கலாம் என்றது. ‘பரவாயில்லை, ஏற்று’ என்பதை அமுக்கினார். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். பிறகு பத்து ரூபாய்க்காக டெபிட் கார்டு விவரங்கள். ஓ.டி.பி.யை அவர் யாருக்கும் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அந்த ஆப்பே படித்துக்கொண்டது.

இரண்டு தவணையாக 43,000 ரூபாய் போனது.

பேத்தி வந்தபோது டீச்சர் திண்ணையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் அவள் உடனே 1930-க்கு அடித்தாள். சைபர் நிதி மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. வங்கிக்குப் பேசி கார்டை முடக்கினாள். ஆப்பை நீக்கினாள். இரண்டாவதாகப் போன 18,000 ரூபாயை நிறுத்திவைத்துவிட்டார்கள். முதலில் போன 25,000 போனது போனதுதான்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் பேத்தி கேட்டாள். “ஆச்சி, போன்ல ரெண்டு தடவ வார்னிங் வந்திருக்கும்லா? அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

“எல்லாத்துலயும் எழுதியிருக்கதுதான் மக்களே. வெளிய போற, எனக்குப் பொறுப்பில்லன்னு.”

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ‘ஓகே கொடுங்க, போகும்’ என்று சொல்லிக்கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

டீச்சரைக் குறை சொல்வது சுலபம். படித்தவர், தலைமை ஆசிரியை, இரண்டு எச்சரிக்கையைத் தாண்டிப் போகலாமா என்று கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு; ஊர் வாயை மூட முடியுமா! ஆனால், அன்று காலையிலிருந்து அந்த விரல் எத்தனை ‘ஓகே’ அமுக்கியது என்று யாராவது எண்ணினார்களா? பட்டா பார்க்கப் போனபோது வந்தது, வங்கித் தளத்தில் வந்தது, செய்தி படிக்கப் போன இடத்தில் குக்கீக்கு வந்தது. அத்தனையும் ஒன்றுமில்லாதவை. உண்மையான இரண்டும் அதே மாதிரிப் பெட்டியில், அதே மாதிரி இங்கிலீஷில், அதே ஓரத்தில் பட்டனோடு வந்தன.

அமெரிக்காவில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த இடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளத்தக்கது. தேவ்தத்த அகாவே, ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் என்ற இருவர், குரோம், ஃபயர்பாக்ஸ் பிரவுசர்களில் தோன்றிய இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்தார்கள். ‘இது மோசடித் தளம், வைரஸ் தளம்’ என்ற எச்சரிக்கையைத் தாண்டிப் போனவர்கள் கால்வாசிக்கும் குறைவு. ஆனால், குரோமில் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கையைச் சுமார் 70 சதவிகிதம் பேர் தாண்டிப் போயிருக்கிறார்கள். எச்சரிக்கை என்றாலே ஜனங்கள் மதிக்க மாட்டார்கள் என்பது உண்மையில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. எப்படிச் சொல்கிறோம், எத்தனை தடவை சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. சும்மா சும்மா ‘புலி வருது’ என்றால் என்ன ஆகும் என்று இரண்டாம் வகுப்பில் பாடம் நடத்திய டீச்சருக்கே இது நடந்திருக்கிறது.

‘அப்போ எதைத்தான் பார்க்கணும்?’ என்று கேட்டால், பெட்டியைவிட முகவரியைப் பார்ப்பது உத்தமம். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வருவதற்கு முன்னால், வலது கோடியில் இருப்பதுதான் உண்மையான ஊர்ப்பெயர். அதற்கு முன்னால் எத்தனை நல்ல பெயரை வேண்டுமானாலும் யாரும் சேர்த்துக்கொள்ளலாம். ‘ஜிஓவி டாட் இன்’, ‘என்ஐசி டாட் இன்’ இரண்டும் அரசுக்கு மட்டுமே. வங்கிகளின் முகவரி ‘பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025-ல் அறிவித்து, அந்த ஆண்டு அக்டோபர் 31-க்குள் மாறச் சொன்னது. நல்ல காரியம்.

இதைப் பேத்தி ஒரு தாளில் எழுதி ஆச்சிக்குக் கொடுத்தாள். டீச்சர் படித்துவிட்டு, டீச்சராகவே கேள்வி கேட்டார். “அப்போ ரயில் டிக்கெட் எடுக்கது ‘கோ டாட் இன்’லா? கரன்ட் பில் கட்டுனது இத்தன வருசமும் ‘ஓஆர்ஜி’லா? அதெல்லாம் அரசாங்கம் இல்லியா?”

பேத்தியிடம் பதில் இல்லை. ஐஆர்சிடிசி முகவரி அப்படித்தான் முடிகிறது. மின் கட்டணத் தளமும் நெடுங்காலம் அப்படித்தான். கடைசியில் அவள் விதியை மாற்றி எழுதினாள்: வாட்ஸ்அப்பில் வந்த எதையும் ஏற்றக் கூடாது, மெசேஜில் வந்த நம்பரைக் கூப்பிடக் கூடாது, சந்தேகம் வந்தால் பில்லில் அச்சடித்த நம்பர், பணம் போனால் அந்த நிமிடமே 1930. தாளை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

ஓடு இந்த வருடம் மாற்றவில்லை. மழைக்குப் பின்கட்டில் இரண்டு இடத்தில் வாளி வைத்தார்கள்.

டீச்சர் இப்போது எல்லாப் பெட்டியையும் வாய்விட்டுப் படிக்கிறார், வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக. பக்கத்து வீட்டுப் பையன் பட்டா எடுக்க வந்து காத்திருந்தால் அவன்பாடு திண்டாட்டம். போன வாரம் அதே அரசுத் தளம், அதே நிலப் பதிவேடு, அதே பெட்டி. முழுசும் படித்தார். இரண்டு நிமிடம் யோசித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ‘கேன்சல்’ அமுக்கினார்.

பெட்டி மறைந்தது. பழைய பக்கம் அப்படியே நின்றது. பட்டா வரவில்லை.

“என்ன டீச்சர், வரலியா?” என்றான் பையன்.

“இருடே” என்று சொல்லிவிட்டு, மறுபடி இணைப்பைத் தொட்டு, மறுபடி பெட்டியை முதல் வார்த்தையிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.