மந்திரமும் மராத்தியும்

புனேக்கு வந்த புதிதில், மராத்தி பேச அஞ்சி, மாலைதோறும் விடுதி அறையிலேயே அடைந்து கிடந்தேன். துணையாக இருந்தது 2011-இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' என்னும் கணினி விளையாட்டு. அதில் நான் மந்திரவாதி. தொடக்கத்தில் எனக்கு வாய்த்தவை இரண்டே மந்திரங்கள்: தீயை வீசுவது ஒன்று, காயத்தை ஆற்றுவது மற்றொன்று. போரில் மந்திர ஆற்றல் விரைவில் தீர்ந்துவிடும். ஓடி ஒளிந்து, அது மீண்டும் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். ஆயினும் ஏவ ஏவத் தேர்ச்சி வளரும். வின்டர்ஹோல்ட் என்னும் ஊரின் மந்திரக் கல்லூரி வாயிலிலும், ஒரு மந்திரம் செய்து காட்டச் சொல்லியே சோதிக்கிறார்கள்.

அன்று எனக்கு நாணம் வந்தது. கற்பனை நாட்டில் துணிந்தவன், தெருமுனைத் தேநீர்க் கடையில் ஊமைபோல் விரல் நீட்டலாமா? மறுநாள், "ஏக் சஹா த்யா" என்றேன். கடைக்காரர் சிரித்தார், என் உச்சரிப்பைத் திருத்தினார், தேநீரும் தந்தார்.

நண்பர்களே, நாவில் உறங்கும் மந்திரத்தையும் ஏவித்தான் வளர்க்க வேண்டும்.