சோதிப்பவரைச் சோதிப்பவர் யார்?

அக்குறணைக் கடைவீதியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காலடி வைத்தால் தேநீர்க்கடைகள் பரபரப்படையும். கண்ணாடிப் பெட்டிகள் துடைக்கப்படும். தண்ணீர்த் தொட்டிகள் மூடப்படும். அவர் சமையற்கட்டையும் கழிப்பிடத்தையும் பார்வையிட்டுக் கடையைத் தரம் பிரிப்பார். இதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. பிங்கா ஓயா பெருக்கெடுத்துக் கடைவீதிக்குள் புகும் ஊரிலே இத்தகைய கண்காணிப்பு உயிர்க்காவல் என்பதை நாம் அறிவோம். எனினும் ஒரு கேள்வி நம் மனத்தை விட்டு அகல்வதில்லை: கடையைப் பரிசோதகர் சோதிக்கிறார், அவரை அனுப்பிவைக்கும் திணைக்களத்தைச் சோதிப்பவர் யார்?

இக்கேள்விக்கு ஐக்கிய அமெரிக்கா 2011ஆம் ஆண்டில் ஒரு விடை கண்டது. பொதுச் சுகாதாரத் திணைக்களங்கள் தாமே முன்வந்து, தமக்குப் புறம்பான ஒரு சபையின் சோதனைக்கு உட்படும் ஏற்பாடு அது. மக்களின் நோய்நொடிகள் கணக்கெடுக்கப்பட்டனவா, அவர்களுடன் கலந்து திட்டம் வகுக்கப்பட்டதா, ஊழியர்கள் தகுந்த பயிற்சி பெற்றார்களா என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே தராதரச் சான்று வழங்கப்படும். முதற் சான்றுகள் 2013இல் வழங்கப்பட்டன. பிறரைச் சோதிக்கும் அதிகாரம் படைத்தோர் தாமும் சோதனைக்குத் தலைவணங்குவது நல்ல மரபு. அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் சான்று எதை அளக்கிறது?

நமது சுகாதாரப் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வைத்திய அதிகாரியையும் பரிசோதகரையும் மருத்துவ மாதுவையும் மக்களின் வாயிலுக்கே கொண்டுவந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. அப்போது யாரேனும் சோதித்திருந்தால் நற்சான்றே கிடைத்திருக்கும். பின்னர் மருந்து தெளிப்பு நின்றது, விழிப்புத் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. மலேரியா அற்ற நாடு என்ற சான்றை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. சுவரில் தொங்கும் சான்று கொசுவைத் தடுக்காது என்பதே அன்று நாம் கற்ற பாடம்.

மற்றொரு பாடத்தை 2020 கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில், கொரோனாத் தொற்றின் காரணமாக அக்குறணை மூடப்பட்டது. மறு மாதமே, 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ், அந்நோயால் இறந்தோரைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும், ஜனாஸாக்கள் நெருப்புக்கு இரையாயின. 2021 பெப்ரவரியிலேயே அக்கட்டளை நீங்கிற்று. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. தந்தையைக் கபுறடியில் வைக்க இயலாதுபோன மகனின் துயரத்தை எந்தச் சோதனைப் படிவத்தில் எந்த நிரலில் எழுதுவது? நோயை மறைத்தால்தான் மானம் தப்பும் என்று மக்கள் அஞ்சத் தொடங்கினால், எத்துணைச் சிறந்த பதிவேடும் பொய்யுரைக்கும். மக்களின் நம்பிக்கையும் சுகாதாரத்தின் ஓர் அளவுகோலே.

இன்னொன்றும் உண்டு. தாமாக முன்வருவோர் யார்? ஆளணியும் வாகனமும் பணமும் உள்ள பணிமனையே துணிந்து முன்வரும். பின்தங்கிய பணிமனை தன் வறுமையை வெளிக்காட்ட விரும்பாது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. எங்கே சோதனை மிக அவசியமோ, அந்த லயன் அறைகளின் வாயிலுக்கு அது வந்து சேராமற் போகலாம். அவ்வாறாயின் விருப்பச் சான்று, இருப்பவனுக்குச் சூட்டும் இன்னொரு மாலையாகவே முடியும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. சோதனை எல்லாப் பணிமனைகளுக்கும் உரியதாகட்டும். குறை காணப்பட்ட இடத்துக்குக் கண்டனத்துக்கு முன்னர் ஆளும் பொருளும் செல்லட்டும்; வெயிலிலும் மழையிலும் மலையேறும் மருத்துவ மாதுவின் தலையில் முழுப் பழியையும் சுமத்துதல் நீதியன்று. சோதிப்போர் குழுவில் ஆசிரியரும் கடைக்காரரும் தோட்டத் தொழிலாளியும் அமரட்டும். இனத்தாலும் மதத்தாலும் எவரும் ஒதுக்கப்படவில்லையா என்று அவர்கள் கேட்கட்டும்.

தேநீர்க்கடையின் தரத்தை வாடிக்கையாளர் அறிந்துகொள்ளும் உரிமையை நாம் ஏற்கிறோம். அதே உரிமையோடு, திணைக்களத்தின் தரத்தையும் அதன் வாயிலிலேயே, மக்கள் தம் மொழியில் படித்தறியுமாறு எழுதி வைக்கும் நாளை நாம் எதிர்பார்க்கிறோம்.