மலாய்ப் படத்துக்கும் காத்திருக்கலாமே

சென்ற வாரம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி போட்டேன். "நீங்கள் இப்போது எந்தப் படத்துக்காகக் காத்திருக்கிறீர்கள்?" தீபாவளிக்கு வந்த 'கொடி', 'காஷ்மோரா' இரண்டையும் நம்மவர்கள் பார்த்து முடித்து, அடுத்தது என்ன என்று கேட்கத் தொடங்கியிருந்த நேரம் அது. தொலைபேசி ஓயவில்லை. சூர்யாவின் 'எஸ் 3' என்றார்கள். விஜய்யின் 'பைரவா' என்றார்கள். அது பொங்கலுக்குத்தானே என்றால், "பரவால்ல, இப்பவே காத்திருக்கோம்" என்றார் கிள்ளானிலிருந்து ஓர் அண்ணன்.

மலாய்ப் படம் ஏதாவது உண்டா என்று நானே எடுத்துக் கொடுத்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து பேசிய அக்கா சிரித்துவிட்டார். "அது டிவியில போடுவான் லா தங்கச்சி. அப்பப் பார்த்துக்கலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. நம் வீடுகளில் பாதிப் பேருக்கு மலாய்ப் படம் என்றால் பெருநாள் விடுமுறையில் சோபாவில் சாய்ந்தபடி பார்ப்பதுதான். பி. ரம்லியை அப்படித்தான் பார்த்தோம். அவரது நகைச்சுவைக்குத் தாத்தாவும் பாட்டியும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், எத்தனையாவது முறை என்று கணக்கே கிடையாது. அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பார்ப்பது வேறு, காத்திருப்பது வேறு. நாளைக் குறித்து வைத்து, லீவு சொல்லி, டிக்கெட் எடுத்துப் போவது என்பது சென்னையிலிருந்து வரும் படங்களுக்கு மட்டும்தான். 2016 ஜூலை மாதம் 'கபாலி'க்கு நாம் செய்த ஆர்ப்பாட்டத்தை இன்னும் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இந்தக் கேள்வியை நான் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2016 நவம்பர் 24ஆம் தேதி, வியாழக்கிழமை, யூ-வெய் ஹாஜி சாரி இயக்கிய 'ஹன்யூட்' திரைக்கு வருகிறது. ஆற்றோடு அடித்துச் செல்லப்படுவதைச் சொல்லும் மலாய்ச் சொல் அது. ஜோசப் கான்ராட் 1895இல் வெளியிட்ட முதல் நாவலான 'அல்மாயர்ஸ் ஃபாலி'தான் கதை. பகாங் மாநிலத்தில் பெக்கான் பக்கம் ஆற்றங்கரையில் 19ஆம் நூற்றாண்டு ஊர் ஒன்றையே கட்டி எடுத்தார்கள். செலவு 1 கோடியே 80 லட்சம் ரிங்கிட் என்று பத்திரிகைகள் எழுதின. மலாய்ப் படத்துக்கு இது சாதாரணத் தொகை இல்லை.

எடுத்து முடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2014இலேயே 'குனோங் எமாஸ் அல்மாயர்' என்ற பெயரில் இந்தோனேசியாவில் திரையிட்டுவிட்டார்கள். சொந்த நாட்டுக்கு வர மேலும் இரண்டு ஆண்டுகள். இதில் நடித்திருக்கும் இந்தோனேசிய நடிகர் அலெக்ஸ் கோமாங் 2015இல் காலமாகிவிட்டார். இத்தனை ஆண்டுகளில் 'இதோ வருகிறது, அதோ வருகிறது' என்று கேட்டுக் கேட்டு, வராது என்றே முடிவு கட்டியவர்கள் பலர்.

கதையும் காத்திருப்பைப் பற்றியதுதான். போர்னியோவின் கிழக்குக் கரையில் ஓர் ஆற்றங்கரை ஊர். அங்கே அல்மாயர் என்கிற டச்சு வணிகன். உள்காட்டில் தங்கம் கிடைக்கும், மகளோடு ஐரோப்பா போய்ப் பெரிய மனிதனாக வாழலாம் என்று வருடக்கணக்கில் கனவு காண்கிறான். ஆங்கிலேயர்கள் வந்து ஊரை எடுத்துக்கொள்வார்கள், அவர்களைத் தங்க வைக்கலாம் என்று நம்பிப் பெரிய வீடு ஒன்றைக் கட்டத் தொடங்குகிறான். அவர்கள் வரவேயில்லை. அந்த வீட்டுக்குத்தான் 'அல்மாயரின் மடத்தனம்' என்று டச்சு அதிகாரிகள் கேலிப் பெயர் வைக்கிறார்கள்.

அவனுடைய மனைவி சூலு நாட்டுப் பெண். அவளுக்கு அவன் மேல் வெறுப்பு. சிங்கப்பூரில் வெள்ளைக்காரர் வீட்டில் வளர்ந்து திரும்பும் மகள் நீனா யார் பக்கம் நிற்பாள் என்பதுதான் நாவலின் முடிச்சு. ஒரு கலப்புக் குடும்பத்துப் பெண், தன்னை இரண்டாந்தரமாக நடத்தியவர்களின் உலகத்தை விட்டுவிட்டு அம்மாவின் உலகத்தைத் தேர்ந்தெடுக்கிறாள். 120 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

கான்ராட் பிறப்பால் போலந்துக்காரர், பிழைப்பால் கப்பல்காரர். ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. 1887, 88ஆம் ஆண்டுகளில் 'விடார்' என்ற நீராவிக் கப்பலில் துணை மாலுமித் தலைவராகச் சிங்கப்பூரிலிருந்து போர்னியோ ஆறுகளுக்குப் போய் வந்தார். பெராவ் ஆற்றங்கரையில் ஒல்மெயர் என்ற வணிகரைச் சந்தித்தார். அந்த மனிதர்தான் பெயர் கொஞ்சம் மாறி நாவலுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆங்கில நாவலில் கேட்கும் முதல் குரல், அல்மாயரைச் சாப்பிடக் கூப்பிடும் குரல். 'மாக்கான்' என்ற மலாய்ச் சொல்லோடுதான் கதையே ஆரம்பிக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஊடகப் படிப்பின்போது இதைப் படித்துவிட்டு அறைத் தோழியிடம் காட்டினேன். "உங்க கான்ராட் நம்ம மாமாக் கடையில சாப்பிட்டவர் போல" என்றாள்.

ஒலிபெருக்கிக்கு முன் உட்கார்ந்து பிழைக்கிறவளுக்கு ஆர்வமெல்லாம் காதில்தான். நாவலில் ராஜாவும் மந்திரியும் அடிமைப் பெண்ணும் பேசுவது மலாய். ஆனால் கான்ராட் அதைக் கனமான, சுற்றி வளைத்த ஆங்கிலத்தில் எழுதினார். இப்போது யூ-வெய் அதைத் திரும்ப மலாய்க்குக் கொண்டுவருகிறார். எந்த மலாய்? அரண்மனை மலாயா, கடைத்தெரு மலாயா, துறைமுகத்தில் சீனரும் அரபியரும் சேர்ந்து பேசிய பாசார் மலாயா? மனைவியாக வரும் சோஃபியா ஜேன் கணவனைத் திட்டும்போது எந்தச் சொல்லை எடுப்பார்? நீனாவாக வரும் டயானா டேனியல் அப்பாவிடம் ஒரு மாதிரியும், டாயின் மாருலாவாக வரும் அடி புத்ராவிடம் வேறு மாதிரியும் பேசுவாரா? என் எதிர்பார்ப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது. செட்டும் உடையும் இரண்டாம் பட்சம்.

நாவலைப் படித்தவர்கள் படத்துக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று நமக்கா தெரியாது? 'பொன்னியின் செல்வ'னை எம்.ஜி.ஆர். 1958இல் எடுக்கப்போவதாக அறிவித்தார். நடக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து மணிரத்னம் முயன்றார், அந்த முயற்சியும் அப்போது கைவிடப்பட்டது. கல்கி இதழ்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த பாட்டிமார்கள் காத்திருந்தே போய்விட்டார்கள். வந்தியத்தேவனாக யார் நடிப்பது என்று 2016இல் என் நிகழ்ச்சியில் கேட்டாலும் சண்டையே வரும். இப்படி ஒரு புத்தகத்தோடு வாழ்ந்த சமூகம், பக்கத்து வீட்டுக்காரர் தம் புத்தகத்துக்குக் காத்திருப்பதைப் புரிந்துகொள்ள முடியாதா என்ன.

மலாய் நாவல் என்றால் நமக்குப் பரீட்சைதான் ஞாபகம் வருகிறது. என் வயதுக்காரர்கள் கொம்சாஸ் பாடத்தில் அப்துல்லா ஹுசேனின் 'கொன்செர்தோ தெராக்கிர்' படித்தோம். தெமா, வாத்தாக், லாத்தார், நிலாய் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தோம். நல்ல கதையைப் புள்ளிக்காகப் படித்தால் அப்படித்தான் ஆகும். எஸ்பிஎம் முடிந்ததும் புத்தகம் பழைய பேப்பரோடு போயிற்று. யூ-வெய் அதற்கு நேர் எதிர், படித்த கதையை விடாமல் வைத்திருக்கிற ஆள். 1995இல் கேன்ஸ் விழா வரை போன அவருடைய 'காக்கி பாக்கார்', வில்லியம் ஃபாக்னரின் சிறுகதையிலிருந்து பிறந்தது. 'ஜோகோ', எஸ். ஒத்மான் கிளந்தானின் 'ஜுவாரா' நாவலிலிருந்து. வெளிநாட்டுக் கதையை உள்ளூர் மண்ணில் நடுவது அவருக்குப் பழக்கம். இந்த முறை கதையே இந்தப் பக்கத்து மண்ணிலிருந்து போனது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 2015 டிசம்பரில் நம் 'ஜகாட்' வந்தபோது எத்தனை வாட்ஸ்அப் செய்திகள் அனுப்பினோம்! மற்ற இனத்தவரும் வந்து பார்க்க வேண்டும், இது மலேசியப் படம் என்று கெஞ்சாத குறை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மொழிவாரியாகப் படங்களைப் பிரிப்பது பற்றிச் சர்ச்சை எழுந்தபோது கொதித்தோம். கொதித்தது நியாயம். 'ஜகாட்' சிறந்த மலேசியப் படம் என்று விருது வாங்கியபோது என் நிகழ்ச்சியில் மிட்டாய் கொடுக்காத குறைதான். அந்தப் படத்துக்கு என்னோடு வந்தவர்களில், அதே கட்டடத்தில் மலாய் வானொலியில் வேலை செய்யும் ஒரு காக்கும் உண்டு. துணைத்தலைப்பைப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் அழுதார். வெளியே வந்ததும், 'ஜகாட்' என்றால் எங்கள் 'ஜாஹாட்'தானா என்று கேட்டு, ஆமாம் என்றதும் சிரித்தார். படம் மலேசியப் படமா என்று அவர் கேட்கவில்லை.

உள்ளூர்ப் படத்தை அரங்குகள் இரண்டு வாரம் ஓட்டவேண்டும் என்று 2016இல் 'வாஜிப் தாயாங்' திட்டம் சொன்னது. ஆனால் முதல் வார இறுதியில் கூட்டம் இல்லையென்றால் பெரிய அரங்கிலிருந்து சின்ன அரங்குக்கும், இரவுக் காட்சியிலிருந்து மதியக் காட்சிக்கும் தள்ளிவிடுவார்கள். அஸ்ட்ரோவில் வரும்போது பார்க்கலாம் என்று நாம் இருக்கிற அந்தச் சில நாளில்தான் படத்தின் தலையெழுத்து தீர்ந்துபோகிறது. 'ஜகாட்'டுக்கு அது புரிந்தது நமக்கு.

'ஹன்யூட்' நன்றாக இருக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. இத்தனை காலம் பெட்டிக்குள் இருந்த படத்தில் சில ஒட்டுகள் தெரியலாம். கான்ராட் மெதுவாகப் போகிறவர், யூ-வெய்யும் அவசரக்காரர் இல்லை. பாட்டு, சண்டை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஆறு கொஞ்சம் நீளமாகத் தோன்றலாம். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது நல்லது.

காக்கும் நானும் வியாழக்கிழமை இரவுக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மாவும் வருகிறேன் என்கிறார், அவருக்கு அடி புத்ராவைப் பிடிக்கும். அப்பா மட்டும் இழுத்தடிக்கிறார். வெள்ளைக்காரன் எழுதிய கதையை மலாய்க்காரர் எடுத்தால் தமிழனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார். 1950இல் பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி'யை இயக்கியது எல். கிருஷ்ணன், நம்மவர்தானே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, காட்சி எத்தனை மணிக்கு, பார்க்கிங் கிடைக்குமா என்று விசாரித்தார்.